வெறும் லொறி உதைக்கும்

என் முகம் எப்படி இருக்கும் என்று என் கணவரிடம் யாராவது கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார். லொறியின் அடிப்பாகத்தைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிப்பார். அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்த குடித்தனம் அப்படி. சமைக்கிற குசினிக்குப் பின்னால், கிடுகால் வேய்ந்த கொட்டிலுக்குள், சில்லுகள் நான்கும் கழற்றிய லொறி மரக்குற்றிகளின்மேல் நிற்கும். அதன் கீழே சாக்கை விரித்து அவர் மல்லாந்து கிடப்பார். நான் வாசலில் நின்று "சோறு ஆறுது" என்று கத்துவேன். "இந்தா வாறன்" என்று வெளியே நீட்டியிருக்கும் இரண்டு கால்கள் பதில் சொல்லும். சோறு ஆறிக் காய்ந்த பிறகு, தலைமயிரெல்லாம் துருவும் கிறீசுமாக எழும்பி வருவார். வந்தாலும் கதை அதுதான்.

எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. மூன்றாவது. முதல் இரண்டும் நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. இதுவும் போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. நடக்கும்போதும் படியில் இறங்கும்போதும் ஒரு கை வயிற்றில்தான் இருக்கும். வெருகல் முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தேன். இனி நான் லொறியைப் பற்றி நிறையச் சொல்லப் போகிறேன். கேட்கிறவர்கள் இதை லொறிக் கதை என்று நினைத்துவிடுவார்கள். அதற்காகத்தான் பிள்ளையை முதலில் சொல்லி வைக்கிறேன்.

நாங்கள் இருந்தது மூதூருக்குத் தெற்கே, வெருகலுக்குப் போகிற வழியில், வயலும் காடும் கலந்த ஓர் ஊரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், புருசனை இழந்து எங்களோடு வந்து தங்கிய என் கணவரின் அக்காவும். எனக்கு அவர் மச்சாள். ஊருக்கு வருகிற றோட்டு என்று ஒன்று பெயருக்கு உண்டு. வெயில் காலத்தில் புழுதி, மழை வந்தால் முழங்கால் சேறு. காட்டுக்குள்ளிருந்து விறகும் மரமும், வயலிலிருந்து நெல்லும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். மாரியில் எந்த லொறிக்காரரும் உள்ளே வரமாட்டார்கள். வந்தால் அச்சு வரைக்கும் புதைந்து, மாடு கட்டி இழுக்க ஆள் தேடித் திரிவார்கள். இந்தச் சேற்றை வெல்லுகிற லொறி ஒன்று தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கணவருடைய விசர், பைத்தியம்.

லொறி அதற்கு ஏற்றதுதான். வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் விட்ட பட்டாள வண்டிகளில் ஒன்று. நான்கு சில்லும் இழுக்கும். கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்தபோது அதற்கு இடுப்பு நாரி முறிந்திருந்தது. ஸ்பிரிங் எல்லாம் படுத்துவிட்டது. லொறிக்கு ஸ்பிரிங் என்றால் சுருள் கம்பி இல்லை. வில் மாதிரி வளைந்த நீட்டு இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஓட்டை போட்டு போல்ட் இறுக்கி, அச்சோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பாரம் ஏறினால் வில் நிமிரும், இறங்கினால் வளையும். எங்கள் லொறியின் வில்கள் பாரம் ஏறாமலே நிமிர்ந்து கிடந்தன. இடது பக்கம் சாய்ந்து, ஒரு காலில் முள் குத்தினவன் மாதிரி நின்றது.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. புதுத் தகடு வாங்குவது என்பது கனவிலும் நடவாது. அவர் சீனக்குடாப் பக்கம் பழைய இரும்பு விற்கிற இடமெல்லாம் அலைந்தார். கடைசியில் எண்ணெய்த் தாங்கி இழுத்த ஒரு பெரிய வண்டி துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டுபிடித்து, அதன் ஸ்பிரிங் தகடுகளைக் கழற்றிக் கட்டி, லோஞ்சுப் படகில் ஏற்றி, மூதூர் இறங்குதுறையிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டு வந்தார். கலியாணப் பெண்ணைக் கூட்டி வந்ததுபோல அவ்வளவு சிரிப்பு முகத்தில். என்னைக் கூட்டி வந்த அன்றைக்கு அப்படிச் சிரித்தது எனக்கு ஞாபகமில்லை.

அந்தத் தகடுகள் எங்கள் லொறித் தகடுகளைவிடத் தடிப்பு. வளைவும் வேறு. ஊர்க் கொல்லரைக் கூப்பிட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே உலை மூட்டினார்கள். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, பழைய தகட்டின் வளைவுக்கு அடித்து, இன்ஜினில் இருந்து வடித்த கறுத்த எண்ணெய்க்குள் தோய்த்தார்கள். அந்தப் புகை குசினிக்குள் வரும். எனக்குக் குமட்டிச் சத்தி சத்தியாய் வரும். "ஐயோ, உங்கட இரும்பைக் கொண்டுபோய் ஆத்துக்குள்ள போடுங்கோவன்" என்று நான் ஏசினால், மச்சாள் தேசிக்காய் வெட்டிக்கொண்டு வந்து மணக்கத் தருவார். ஏசினாலும் நான்தான் போய் விளக்குப் பிடிப்பேன். தகடுகளுக்கு இடையில் கிறீஸ் பூசியதும் நான்தான். பாரம் தூக்கக் கூடாது என்றதால் குந்தியிருந்து செய்யக்கூடிய வேலையை எனக்குத் தந்தார். ஒவ்வொரு தகட்டையும் மடியில் வைத்து, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கிறீசை விரலால் இழுத்துப் பூசினேன். எந்தத் தகடு பின் இடது, எந்தத் தகடு முன் வலது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

பின்பக்கம் மும்மூன்று தகடு, முன்பக்கம் இரண்டிரண்டு தகடு கூட்டினார். லொறி எழும்பி நின்றது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முன்பு குனிந்து பார்த்தால் தெரிகிற அச்சு இப்போது நின்றுகொண்டே தெரிந்தது. பிறகு ஒரு சோதனை வைத்தார். பெரிய மரக்குற்றி ஒன்றைப் போட்டு முன் சில்லு ஒன்றை அதன்மேல் ஏற்றினார். ஸ்பிரிங் நன்றாக இளகிக் கொடுத்தால் மற்ற மூன்று சில்லும் நிலத்தில் இருக்க வேண்டும். நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். பின் சில்லு ஒன்று நிலத்தைத் தொடவில்லை. கீழே கையை விட்டேன், கை போனது.

"இஞ்சாருங்கோ, இந்தச் சில்லு நிலத்தில இல்லை."

"இப்ப வெறும் லொறி. பாரம் ஏறினா இருக்கும்" என்றார்.

"அப்ப வெறும் லொறியா ஓடவே மாட்டியளோ? ஏத்தப் போகேக்க வெறும் லொறிதானே?"

"அதுக்குத்தான் ஷொக் பூட்டப் போறன். நீர் சும்மா இரும்."

ஷொக் என்பது எண்ணெய் நிரப்பிய தடித்த குழாய். ஸ்பிரிங் எம்பினால் அதைப் பிடித்து அமத்துவது அதன் வேலை. லொறியோடு வந்த பழைய ஷொக் ஒழுகி ஒழுகிச் செத்திருந்தது. அவர் அந்த எண்ணெய்த் தாங்கி வண்டியின் நான்கு ஷொக்கையும் கொண்டு வந்து, மூதூரில் இரும்பு ஒட்டுவேலை செய்கிறவரிடம் தாங்கிக் கட்டைகள் செய்வித்துப் பூட்டினார். ஒவ்வொன்றும் என் கைத்தடிப்பு. பூட்டுமுன் ஒன்றை நிலத்தில் நிமிர்த்தி வைத்து, தன் முழுப் பாரத்தையும் போட்டு அமத்திக் காட்டினார். அது மனமில்லாமல் விரல் நீளம் இறங்கியது.

"பாத்தீரோ, என்ன பலம்!"

"நீங்கள் முழுசா ஏறி நிண்டும் இவ்வளவுதான் இறங்குது. இது யானைக்குப் பூட்டுற சாமான். எங்களுக்குச் சரிவருமோ?"

"உமக்கு ஒண்டும் விளங்காது."

எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் கையில் வந்துவிட்ட நல்ல சாமானைப் பூட்டாமல் விட எந்த லொறிக்காரனுக்கு மனம் வரும்?

முதல் ஓட்டத்துக்கு மச்சாள்தான் போனார். ஊர் எல்லை வரைக்கும் போய்த் திரும்பி, நாரியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "கோதாரி விழுந்த லொறி! கழுதை மாதிரியல்லோ உதைக்குது. தம்பி, இதில மனிசர் ஏறேலாது" என்றார். அடுத்த நாள் நெல்லுச் சாக்கு ஏற்றிக்கொண்டு போனபோது அதே மச்சாள் சாக்குகளின்மேல் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு போய், சிந்தாமல் சிதறாமல் திரும்பி வந்தார். வள்ளத்தில் போன மாதிரி இருந்ததாம். அப்படித்தான் ஊர் முழுக்கப் பழகிக்கொண்டது. வெறும் லொறி உதைக்கும், பாரம் ஏறிய லொறி தாலாட்டும். மூதூருக்குப் போக வேண்டியவர்கள் லொறி ஏற்றி முடியுமட்டும் காத்திருந்து சாக்குகளின்மேல் ஏறுவார்கள். வருத்தக்காரரையோ பிள்ளைத்தாச்சியையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்து, ஏற்றுவதற்கு நெல்லும் இல்லையென்றால், மண்ணைச் சாக்கில் கட்டி ஏற்றுவார்கள். அதன்மேல் வைக்கோல், வைக்கோலின்மேல் பாய். யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுப் பட்டு வந்த பழக்கம்.

மாரி வந்தது. மற்ற லொறிகள் எல்லாம் சேற்றில் குந்திக்கொண்டு நிற்க, எங்கள் லொறி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. போகிற வழியில் மற்றவர்களுக்குக் கயிறு போட்டு இழுத்தும் விட்டது. மூதூர்த் தேநீர்க் கடைகளில் அதே கதையாம். அவருக்குக் கால் நிலத்தில் படவில்லை. இரவு படுத்துக்கொண்டு என் வயிற்றில் கையை வைத்து, "இவன் வந்து ஓட்டுவான்" என்பார். "பெட்டையெண்டா?" என்றால், "பெட்டையும் ஓட்டட்டும், ஆர் வேண்டாமெண்டது" என்பார். அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் ஆசையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

எட்டாம் மாதம். ஒரு விடியல் எழும்பி நின்றேன், கால் வழியே சூடாக வடிந்தது. குனிந்து பார்க்கப் பயந்து மச்சாளைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். இரத்தம்.

என் கணவர் லொறியை முற்றத்துக்குக் கொண்டு வந்தார். அக்கம் பக்கத்து ஆட்கள் ஓடி வந்து, ஒருவர் சொல்லாமலே சவளை எடுத்து மண் அள்ளினார்கள். சாக்குகள் நிரம்பி ஏறின. ஈர மண், சரியான பாரம். லொறி அமர்ந்தது. வைக்கோல் போட்டு, பாய் போட்டு, மெத்தை போட்டு, மேலே தறப்பாள் கட்டி, என்னைத் தூக்கி வைத்தார்கள். மச்சாள் பக்கத்தில் ஏறினார். மூதூர் வரைக்கும் எனக்கு ஒரு அடியும் தெரியவில்லை. சேற்றிலும் குழியிலும் லொறி சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான். பிள்ளை உள்ளே துடித்தது. "துடிக்குது மச்சாள், துடிக்குது" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மூதூரில் டொக்டர் என்னை இறக்கவே விடவில்லை. லொறிக்குள் ஏறி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இஞ்ச வைச்சுச் செய்யேலாது. பெரியாஸ்பத்திரிக்கு உடன கொண்டுபோங்கோ" என்றார். லோஞ்சு ஓடினால் கடற்குடாவைக் கடந்து, பெரியாஸ்பத்திரி இருக்கிற திருகோணமலை கிட்டத்தான். ஆனால் வடகீழ்க் காற்றில் குடா வெள்ளை வெள்ளையாய்க் கொந்தளித்தது. லோஞ்சு கட்டிப் போட்டிருந்தது. மிஞ்சியது குடாவைச் சுற்றிப் போகிற தரைவழி.

அந்த வழியில் ஆறுகள் குறுக்கிடும். பாலம் இல்லை. கரைக்குக் கரை கட்டிய கம்பிக் கயிற்றைப் பிடித்து ஆட்கள் இழுத்துக் கடத்துகிற மிதவைதான் உண்டு. எங்கள் பக்கத்தில் அதைப் பாதை என்போம். முதல் ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆறு கரையை மீறி மண் நிறத்தில் ஓடியது. பாதைக்காரர் கிண்ணியா முஸ்லிம் மனிதர், வயது போனவர். அவர் லொறியைச் சுற்றி வந்து சாக்குகளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார்.

"தம்பி, ஆத்துட இழுவையப் பாருங்க. இந்தப் பாரத்தோட ஏத்தினா கம்பி அறுந்து எல்லாரும் கடலுக்குத்தான் போவம். மண்ண இறக்குங்க. வெறும் லொறியெண்டா அல்லாட பேரச் சொல்லி ஒருக்கா இழுத்துப் பாப்பம்" என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. என்னை மெத்தையோடு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, என் கணவரும் பாதை ஆட்களும் சாக்குகளை ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளினார்கள். ஒவ்வொரு சாக்கு விழும்போதும் லொறி கொஞ்சம் கொஞ்சமாக எழும்புவது எனக்கு முதுகில் தெரிந்தது. கடைசிச் சாக்கும் விழுந்தபோது அது பழையபடி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. அந்தப் பெருமை பிடித்த உயரத்தை அன்றைக்கு நான் மனதாரச் சபித்தேன்.

பாதை அசைந்து அசைந்து நடு ஆற்றுக்கு வந்தது. இழுத்தவர்கள் ஒரே குரலில் கலிமாச் சொன்னார்கள். மழை தறப்பாளில் கொட்டியது. அந்த மிதப்பில் பிள்ளை நன்றாக அசைந்தது. ஒரு கால் என் விலாவுக்குக் கீழே வந்து முட்டி, அப்படியே நின்று, பிறகு இறங்கியது. மச்சாளின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். "ஓம், ஓம், இருக்கு" என்று அழுதார்.

எங்களை அக்கரையில் இறக்கிவிட்டுப் பாதை திரும்பிப் போக, என் கணவர் லொறியை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து தறப்பாளைத் தூக்கிப் பார்த்தார். தாடியெல்லாம் தண்ணீர். நான் தலையைத் தூக்கிச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, மண் அள்ளுங்கோ. சாக்கில்லாட்டிலும் பறவாயில்லை, சும்மா அள்ளிப் போடுங்கோ. சவள் இருக்குத்தானே. வெறும் லொறியில என்னைக் கொண்டு போகாதையுங்கோ."

அவர் கரை மண்ணைப் பார்த்தார். பிறகு மெத்தையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை, எவ்வளவு நேரம் என்று தெரியாது, பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஷொக் இருக்கு. அது தாங்கும். நான் மெல்லப் போறன்" என்றார்.

"தாங்காது! உங்களுக்கு விசரே? அள்ளுங்கோ எண்டுறன்!"

தறப்பாளை இறக்கிவிட்டுப் போய்விட்டார். முன்கதவு அடிபடுகிற சத்தம் கேட்டது.

மெல்லப் போகவில்லை. எடுத்த எடுப்பிலேயே விட்டடித்தார். மழையில் கிறவல் மண் எல்லாம் அள்ளுண்டு போய், றோட்டு முழுக்கக் குழியும் கல்லுமாகக் கிடந்தது. முதல் குழியில் சில்லு விழுந்தபோது ஸ்பிரிங் கொஞ்சமும் இளகவில்லை. பெட்டிப் பலகையே எம்பி வந்து என் முதுகில் அடித்தது. நான் கிறீஸ் பூசி அடுக்கிய தகடுகள். எண்ணெய்த் தாங்கியைச் சுமக்கப் பிறந்தவை, என்னையும் மச்சாளையும் ஒரு பாரமாக மதிக்குமா? யானைக்குப் பூட்டுகிற அந்தக் குழாய்கள் இறங்கவே மறுத்தன. அடி வருகிற பக்கத்தை வைத்து எனக்கு எது என்று தெரிந்தது. பின் இடது. பின் வலது. முன் வலது. பிறகு பின் இரண்டும் சேர்ந்து. மச்சாள் தன்னை எனக்குக் கீழே மெத்தை மாதிரி நுழைத்துக்கொண்டு, ஒரு கையால் முன்பக்கத் தகரத்தில் அறைந்து, "மெல்லப் போடா! மெல்லப் போ, அறுவானே!" என்று கத்தினார். உடன்பிறந்த தம்பியை அப்படித் திட்டியதை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

நான் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தேன். வெளியே பிடித்து என்ன செய்ய? ஒரு பெரிய அடி வந்தது. உள்ளே எதுவோ கிழிந்து கழன்ற மாதிரி இருந்தது. பிறகு பிள்ளை படபடவென்று துடித்தது, கையில் பிடித்த குருவி மாதிரி. பிறகு ஒன்றுமில்லை. நான் காத்திருந்தேன். வயிற்றைத் தட்டினேன். "அம்மா இருக்கிறன், ஒருக்கா அசை ராசா" என்று கெஞ்சினேன். லொறி என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அசைந்ததெல்லாம் லொறிதான்.

மற்றப் பாதைகளை எப்படிக் கடந்தோம், எப்போது ஆஸ்பத்திரிக்கு வந்தோம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. பெண்பிள்ளை. எனக்குக் காட்டவில்லை, நான் மயக்கத்தில் இருந்தபோதே அவர் வாங்கிக்கொண்டு போய் அடக்கிவிட்டார். நஞ்சுக்கொடி முன்பே விட்டிருந்தது, அடிபட்டதால் முழுதாகப் பிரிந்ததா, எப்படியும் பிரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் பெரிய டொக்டர். கருப்பையையும் எடுத்தால்தான் என்னைக் காப்பாற்ற முடிந்ததாம். "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா நீங்களும் இல்லை, அம்மா" என்று ஆறுதல் மாதிரிச் சொன்னார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். இதைக் கேட்டு நான் சந்தோசப்பட வேண்டுமா?

வீட்டுக்கு வந்த பிறகு நான் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டேன். சோறு போடுவேன், உடுப்புத் தோய்ப்பேன். "ஓம்", "இல்லை" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அவர் லொறிக்குக் கீழே போய்ப் படுப்பதையும் விட்டுவிட்டார். ஆனால் அந்தத் தகடுகளைக் கழற்றவில்லை. எப்படிக் கழற்றுவார்? ஊருக்கு உள்ளே வருகிற ஒரே லொறி அது. நெல் போக வேண்டும், விறகு போக வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் என் முன்னாலேயே, "அந்த மழைக்குள்ளயும் ஒரு இடத்தில புதையேல்லையாமே, என்ன லொறி!" என்று சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அது உண்மையும்கூட. ஒரு இடத்திலும் புதையவில்லை.

கொஞ்ச நாளில் இன்னொன்று கேள்விப்பட்டேன். அவர் அந்த வழியில் ஒவ்வொரு ஆற்றின் இரண்டு கரையிலும் மண் சாக்குகளை நிரப்பி, கிடுகால் மூடி வைத்திருக்கிறாராம். பாதைக்காரர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டு அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்களாம். இக்கரையில் இறக்கு, கட, அக்கரையில் ஏற்று. அடுத்த மாரியில் ஊரில் ஒருத்திக்கு முறைக்கு முதலே வலி வந்தபோது அப்படித்தான் கொண்டுபோனார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. பிறகு இன்னொருத்தி. பிறகு மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளையொருத்தி. பிள்ளைத்தாச்சிக்கு அந்த லொறிதான் நல்லது என்று பேர் வந்துவிட்டது. பெற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கற்கண்டும் வாழைப்பழமும் கொண்டு வருவார்கள். பிள்ளையை என் மடியில் வைப்பார்கள். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லுவேன். அந்தப் பிள்ளைகளின் தலை மணம் என் சீலையில் அன்று முழுக்க இருக்கும். எத்தனை சாக்கு வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று அவர் என் பிள்ளையை வைத்துத்தான் படித்தார் என்று நினைப்பேன்.

வருடங்கள் போயின. மச்சாளும் செத்துப்போனார். ஒரு மத்தியானம் அப்படி ஒரு குடும்பம் வந்து போனது. பெண்பிள்ளை, நல்ல கறுத்த முடி. அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் அவர் சாப்பிட இருந்தார். நான் சோற்றைப் போட்டுவிட்டு, ஏன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"அண்டைக்கு ஏன் மண் அள்ளேல்லை?"

அவருடைய கை சோற்றில் நின்றது.

"அந்த ஷொக் தாங்கும் எண்டு உண்மையாத்தான் நினைச்சனீங்களோ?"

"இல்லை" என்றார். "தாங்காது எண்டு தெரியும். பூட்டினவன் நான்தானே."

"பிறகேன்?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "தறப்பாளைத் தூக்கேக்க மெத்தை முழுக்க இரத்தம். பலகையால கீழ வடிஞ்சுகொண்டிருந்தது. உம்மட உதடெல்லாம் வெள்ளை. அவ்வளவு மண்ணை ஒருத்தன் அள்ளி முடியிறதுக்குள்ள நீர் போயிடுவீர். நீர் பிள்ளைக்காகச் சொன்னீர். நான் உமக்காக ஓட்டினனான்."

அப்படியே நிலத்தில் குந்தினேன். இத்தனை வருடமும், இந்த மனிதன் தன் இரும்பை நம்பிப் பிள்ளையைக் கொன்றான் என்று நினைத்து நினைத்துத்தான் நான் ஒவ்வொரு விடியலும் எழும்பி அடுப்பு மூட்டினேன். எனக்கு இருந்த ஒரே பிடி அந்தக் கோபம். அதையும் பிடுங்கிக்கொண்டார். சொல்லாமலே இருந்திருக்கலாம், பாவி மனிசன்.

"நான் என்ர உயிரைக் கேட்கேல்லையே" என்றேன். "நான் மண்ணைத்தானே கேட்டனான்."

அவர் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவப் போனார்.